அண்ணி, நம்பர்!

எங்கள் காப்பிப்பொடிக் கடையின் இன்டர்நெட் பக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை யாரோ கூலிங் கிளாஸ் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

கடை என்றால் யேற்காட்டில் ஒண்டிக்கடை பஜாரில் இருப்பது மாதிரி ஷட்டர் போட்ட கடை இல்லை. மாரமங்கலம் போகும் ரோட்டிலிருந்து சரிவில் இறங்கினால் எங்கள் வீடு. அதன் பின்னறைதான் கடை. காப்பிக்கொட்டையை வறுத்து, அரைத்து, மிளகைத் தனியாகவும் பாக்கெட் போட்டு, இன்டர்நெட்டில் கேட்கிறவர்களுக்குக் கூரியரில் அனுப்புகிறோம். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். அவர் இருபத்தைந்து வருடம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர்.

அன்று காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் எங்கள் மிளகுக்கொடி படத்தைக் காணோம். அந்த இடத்தில் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்ட ஒருத்தன் காரின் மேல் சாய்ந்து நின்றான். எனக்கு அவனைவிடப் பெரிய அதிர்ச்சி கீழே இருந்த பேச்சுதான். கோயமுத்தூரிலிருந்து வழக்கமாக வாங்குகிற ஒரு அம்மா, "டார்க் ரோஸ்ட் இருக்குங்களா?" என்று கேட்டிருந்தார். பக்கத்தைத் திருடியவர்கள், "இருக்கிறது டியர், டார்க், பிரவுன் இரண்டும் ஸ்டாக் உண்டு" என்று பதில் போட்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. "சிக்கரி கலக்காம அனுப்புங்க" என்று முடித்திருந்தார்.

பக்கத்தைத் திரும்ப வாங்குவதற்குப் பதினொரு நாள் ஆனது. நான்தான் நான் என்று நிரூபிக்க, கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து முகத்தை இடது பக்கமும் வலது பக்கமும் திருப்பிக் காட்டினேன். முதல் தடவை நம்பவில்லை. இரண்டாம் தடவை கல்யாணத்துக்குப் போவது மாதிரி பவுடர் போட்டுக்கொண்டு காட்டினேன். அதையும் நம்பவில்லை. மூன்றாம் தடவை அழுதுகொண்டே காட்டியபோதுதான் ஒப்புக்கொண்டது.

இனிமேல் இப்படி ஆகக் கூடாது என்று, சர்ச்சில் பழக்கமான ஒரு குடும்பத்தின் மருமகளைக் கூப்பிட்டோம். சேலத்தில் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு செய்துகொடுக்கிற பெண். கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் ஏறி, வெளிறிப்போன முகத்தோடு, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்து சேர்ந்தாள். உட்கார்ந்ததும், "பழைய பாஸ்வேர்ட் என்னங்கக்கா வெச்சிருந்தீங்க?" என்றாள்.

"எங்க நாய் பேரு. அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணு."

கண்ணை மூடிக்கொண்டாள். வளைவில் வந்த மயக்கம் இன்னும் போகவில்லை போல என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டுவந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

அப்புறம் நிதானமாகச் சொன்னாள். "பாஸ்வேர்ட்ங்கறது உங்க மனசுல இருக்கற விஷயம். அத எவன் வேணா தெரிஞ்சுக்கலாம். அதனால ரெண்டாவதா உங்க கையில இருக்கற பொருள் ஒண்ணையும் கேக்க வெச்சுரணும். உள்ள போகறப்ப எல்லாம் உங்க போனுக்கு ஆறு நம்பர் வரும். அதையும் போட்டாத்தான் கதவு திறக்கும். பாஸ்வேர்ட் திருட்டுப் போனாலும் போன் இல்லாம அவன் உள்ள வர முடியாது."

எனக்கு நன்றாகப் புரிந்தது. என் வீட்டுக்காரருக்கும் புரிந்தது. புரியாதது ஒன்றுதான்: போனுக்கு நம்பர் எப்படி வரும்? எங்கள் வீட்டில் டவர் கிடைக்காது. கேபிள்காரர் இழுத்துவிட்ட வயரில் இன்டர்நெட் வரும், ஆனால் போனில் ஒரு கோடுகூட ஏறாது. வறுக்கிற அடுப்புக்கு மேலே ஏணி போட்டுப் பார்த்தாயிற்று.

"பக்கத்துல எங்கக்கா டவர் கிடைக்கும்?"

"மேல ரோட்டு வளைவுல. எங்க அண்ணி ஊட்டு வாசல்ல."

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. மிஷன் ஸ்கூலில் டிரில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் இருந்தது பட்டன் போன். அதில் வாட்ஸப்பும் கிடையாது, வேறு ஒன்றும் கிடையாது, ஆனால் எஸ்எம்எஸ் வரும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே போனான என் வீட்டுக்காரரின் போனில், நம்பரைத் தானே உண்டாக்கிக் காட்டும் ஆப் ஒன்று போட்டால் டவரே வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்தாள். அவர் போனில் இடமில்லை. குட் மார்னிங் படங்கள் நிறைந்திருந்தன. அதை அழிக்கச் சொன்னதற்கு, "எல்லாரும் ஆசையா அனுப்பினதுங்க" என்று மறுத்துவிட்டார். சரி, இப்போதைக்கு எஸ்எம்எஸ், அடுத்த முறை வரும்போது ஆப் என்று முடிவாயிற்று. அண்ணியின் நம்பரையே கடையின் நம்பராகப் பதிந்தோம். புதிதாக ஒரு பாஸ்வேர்டும் அவளே கட்டிக்கொடுத்தாள். வரும் வழியில் பஸ்ஸை மறித்து நின்ற காட்டெருமையைப் பார்த்திருக்கிறாள். அதனால் பச்சை என்று பெரிய எழுத்தில் தொடங்கி, நடுவில் ஒரு ஆச்சரியக்குறி, பிறகு காட்டெருமை, கடைசியில் இரண்டு எண். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில். "இத எவனும் யோசிக்கவே முடியாதுங்கக்கா" என்றாள்.

மறுநாளிலிருந்து அமுலுக்கு வந்தது.

அண்ணியின் வீடு எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும். நடுவில் பள்ளம் இருப்பதால், பாதை சுற்றிக்கொண்டு ஏற இருபது நிமிடம். நம்பருக்கு உயிர் ஐந்து நிமிடம்தான். ஆகவே நடந்து போய் வாங்கி வருவது நடக்காத காரியம். ஆனால் அண்ணியின் குரலுக்குச் சுற்றுப்பாதை தேவையில்லை. முப்பது வருடம் மைதானத்தின் ஒரு மூலையில் நின்று மறு மூலையில் நிற்கிற பிள்ளையின் முழங்காலை நிமிர்த்திய குரல். நான் வாசலில் நின்று, "அண்ணி, நம்பர்!" என்று கத்துவேன். அவர் போனைப் பார்த்து, பழைய டிரில் விசிலை ஒரு முறை ஊதி, ஒவ்வொரு எண்ணாகச் சொல்லுவார். நான் உள்ளே ஓடி டைப் அடிப்பேன்.

நாளைக்கு ஒரு தடவை என்றால் பரவாயில்லை. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறை எழுந்து போகும்போதும் லாக் அவுட் பண்ணிவிடுவார். "கடையத் திறந்து போட்டுட்டு டீ குடிக்கப் போவாங்களா?" என்பார். ஆகவே காலையில் இரண்டு, மத்தியானம் ஒன்று, சாயந்தரம் இரண்டு என்று சரிவு முழுக்க நம்பர் கேட்டுக்கொண்டிருந்தது. ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் விசில் சத்தத்துக்கு நேராக நிற்கத் தொடங்கினார்கள். வெளியூர்க்காரர் ஒருத்தர் காரை நிறுத்தி, இங்கே ஏதாவது போட்டி நடக்கிறதா என்று அண்ணியிடம் விசாரித்தாராம்.

பனி இறங்கிவிட்டால்தான் கஷ்டம். குரல் பாதியில் நின்றுவிடும். அப்போது எங்களுக்கு உதவியாக வந்தது பக்கத்து எஸ்டேட்டில் மிளகு பறிக்கிற ஒரு அக்கா. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து, பள்ளத்துக்கு நடுவே உயரத்தில் நிற்பார். மேலே சொல்வதும் அவருக்குக் கேட்கும், கீழே சொல்வதும் கேட்கும். தானாகவே வாங்கி வாங்கி எங்களிடம் கொடுக்கத் தொடங்கினார். நல்ல மனது. ஒரே பிரச்சினை, சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவார்.

"நாலு!" என்று மேலிருந்து வரும். "நாலு!" என்று ஏணியிலிருந்து வரும். அப்புறம் மேலே பார்த்து, "ஆறுங்களா, ஏழுங்களா?" என்று கேட்பார். நான் கீழே ஆறு, ஏழு இரண்டையும் அடித்திருப்பேன்.

மூன்று முறை தப்பாகப் போட்டால் பக்கம் கோபித்துக்கொண்டு அரைமணி நேரம் கதவைச் சாத்திவிடும். அந்த அரைமணி நேரம் நாங்கள் மூன்று பேரும், அண்ணி மேலேயும், அந்த அக்கா ஏணியிலும், நான் வாசலிலுமாக, ஒருவரையொருவர் பார்க்க முடியாத பனிக்குள் காத்துக்கொண்டிருப்போம்.

ஒரு வாரம் கழித்து அண்ணிக்கு மனசாட்சி உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என்னைத் தனியாக அழைத்துப் போய் போனைக் காட்டினார்.

"இதப் படிச்சுப் பாரு கண்ணு. இந்த நம்பரை யாருக்கும் சொல்ல வேண்டாம்னு போட்டிருக்குது. ஒவ்வொரு தடவையும் போடறாங்க. நான் ஊருக்கே கேக்கற மாதிரி கத்திட்டு இருக்கறேன்."

சேலத்துப் பெண்ணைப் போனில் கேட்டோம். நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "உங்க ஆளுங்க கேட்டா மட்டும் சொல்லச் சொல்லுங்கக்கா. நீங்க கேக்காம நம்பர் வந்துதுன்னா எவனோ உள்ள வரப் பார்க்கறான்னு அர்த்தம். அப்ப யாருக்கும் சொல்லக் கூடாது. யாராச்சும் போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லக் கூடாது" என்றாள்.

அண்ணி இதை ஒரு சட்டமாகவே எடுத்துக்கொண்டார். கீழே எங்கள் வீட்டிலிருந்து, "அண்ணி, நம்பர்!" என்று சத்தம் வந்தால்தான் நம்பர். வேறு எந்த வழியில் கேட்டாலும் கிடையாது. என் வீட்டுக்காரர் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கியவர், அங்கேயே அண்ணி வீட்டு வாசலில் நின்று, தன் போனில் பக்கத்தைத் திறந்து, நம்பரைக் கேட்டிருக்கிறார். "கீழ போயிக் கத்துடா" என்று அண்ணி அனுப்பிவிட்டார். அவர் இறங்கி வந்து கத்துவதற்குள் நம்பர் செத்துப்போயிற்று. எனக்குக் கோபமான கோபம். சொந்தத் தம்பிக்குச் சொல்ல மாட்டாரா என்று இரண்டு நாள் அண்ணியோடு பேசாமல் இருந்தேன். அந்த இரண்டு நாளும் நம்பர் மட்டும் கத்திக் கேட்டேன். அவரும் நம்பர் மட்டும் சொன்னார்.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு நான் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தேன். மேலே விசில் கேட்டது. நான் கேட்கவில்லையே என்று வாசலுக்கு வந்தேன். ஏணியிலிருந்து அந்த அக்கா, "உங்க அண்ணி கேக்கறாங்க, நம்பர் கேட்டீங்களாம்மா?" என்றார்.

"இல்லீங்க. நான் கேக்கவே இல்லீங்க."

அந்த அக்கா திரும்பி மேலே பார்த்து, "கேக்கலீங்களாம்!" என்று அனுப்பினார். மேலிருந்து வந்த பதிலை என்னிடம் சொன்னார். "நாலு தடவை வந்திருச்சாம்! யாரோ போன்லயும் கூப்பிடறாங்களாம்!"

என் வீட்டுக்காரர் வாழவந்தி கிராமத்துக்குக் காப்பிக்கொட்டை பார்த்து வாங்கப் போயிருந்தார். ஒட்டிக்கொண்டிருந்த பாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே மேலே ஏறி ஓடினேன். மூச்சு வாங்கி அண்ணி வீட்டு வாசலை அடைந்தபோது, அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, யாருக்கோ பாடம் நடத்திக்கொண்டிருந்தார். உஷ் என்று எனக்குச் சைகை காட்டினார்.

"மேடம், நான் கம்பெனி வெரிஃபிகேஷன் டிபார்ட்மென்ட்" என்றது போனிலிருந்து ஒரு ஆண் குரல். எந்த ஊர்த் தமிழ் என்று சொல்ல முடியவில்லை. "உங்கள் பக்கம் இன்று க்ளோஸ் ஆகும். இப்போது வந்த ஆறு நம்பர் சொல்லுங்கள், போதும்."

"சொல்லறனுங்க. சொல்லறதுக்குத்தான உக்காந்திருக்கறேன். ஆனா கேக்கற முறைன்னு ஒண்ணு இருக்குதுங்க. 'அண்ணி, நம்பர்'னு கேக்கோணும்."

"அண்ணி நம்பர்" என்றான் அவன்.

"சத்தமா கேக்கோணுங்க."

"அண்ணி நம்பர்!"

"நெஞ்சுல இருந்து கத்தறீங்க. வயித்துல இருந்து வரோணும். மூச்ச உள்ள இழுங்க. நிமிந்து உக்காருங்க மொதல்ல."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவன் உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தான் என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன். பிறகு, ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு அறையில் இருந்த அந்த மனிதன் அடிவயிற்றிலிருந்து, "அண்ணீ, நம்பர்!" என்று கத்தினான். அவன் பக்கத்தில் இருந்த யாரோ என்னமோ கேட்டார்கள். அவன் அவர்களை அதட்டினான்.

"இப்ப நொம்ப நல்லா இருக்குது" என்றார் அண்ணி. "ஆனா சாமி, உங்க சத்தம் போனுக்குள்ள இருந்து வருது. எனக்குப் பள்ளத்துல இருந்து வரோணும். நீங்க சேலம் வந்து, யேற்காடு பஸ் ஏறி, மாரமங்கலம் ரோட்டுல வளைவுல இறங்கி, பாதையில கீழ போனீங்கன்னா எங்க தம்பி ஊடு. வாசல்ல நின்னு இதே மாதிரி கேளுங்க. உடனே குடுத்தர்றேன்."

அவன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். அண்ணி விசிலை எடுத்து போனுக்குப் பக்கத்தில் வைத்து ஊதினார். லைன் கட் ஆனது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி விசிலை மடியில் வைத்தார். "நாலு தடவை கூப்பிட்டான் கண்ணு. நீ மேல வந்து சேர்ற வரைக்கும் அவனப் பேச்சுல இழுத்துட்டு இருந்தேன். என்ன பண்றதுன்னே தெரியல" என்றார்.

அண்ணியின் போனிலேயே சேலத்துப் பெண்ணைக் கூப்பிட்டோம். "அண்ணிய கும்பிடறேன்னு சொல்லுங்கக்கா" என்றாள் முதலில். அப்புறம் அவள் குரல் மாறியது. "ஆனா நம்பர் வரணும்னா அவன் பாஸ்வேர்ட சரியா போட்டிருக்கணும். உங்க பாஸ்வேர்ட் அவனுக்கு எப்படித் தெரியும்? அண்ணி போன் நம்பர் எப்படித் தெரியும்? எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கீங்களா?"

"சத்தியமா இல்லைம்மா. ஒரு இடத்துலயும் எழுதல."

சொல்லிக்கொண்டே கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தேன். திருட்டுக்குப் பிறகு, கடை நம்பர் மாறியதால் புதிதாக அடித்த லேபிள். மேலே எங்கள் கடைப் பெயர். கீழே பக்கத்தின் முகவரி. அதன் கீழே தொடர்புக்கு என்று அண்ணியின் நம்பர். அதற்கும் கீழே, ‘சிக்கரி கலக்காதது’ என்பதற்கு அடுத்த வரியில், சின்னதாக, அழகான எழுத்தில், பச்சை, ஆச்சரியக்குறி, காட்டெருமை, இரண்டு எண்.

என் வீட்டுக்காரர் லேபிளில் வரவேண்டியதை எல்லாம் போனில் ஒரே இடத்தில் எழுதி வைத்திருந்தார். மறந்துவிடக் கூடாது என்று அதன் அடியில் பாஸ்வேர்டையும் எழுதியிருந்தார். மொத்தத்தையும் அப்படியே பிரஸ்ஸுக்கு அனுப்பியிருந்தார். பிரஸ்காரர் பொறுப்பான மனிதர். ஒரு புள்ளியைக்கூட விடவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாக நாங்கள் எங்கள் வீட்டுச் சாவியைக் காப்பிப்பொடியோடு ஒட்டி இந்தியா முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அண்ணி எட்டிப் பார்த்துப் படித்தார். "ஓ, இதானா அது! ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டாரு கண்ணு. பாக்கெட்டுல காட்டெருமைன்னு போட்டிருக்குது, நாங்க சைவம், குடிக்கலாங்களான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தைரியமா குடிங்கன்னு சொன்னேன்."

அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினோம். அதற்காக நான் வாசலில் நின்று கத்தினேன், அண்ணி சொன்னார், அந்த அக்கா ஒரு சந்தேகமும் கேட்காமல் அனுப்பினார். மீதமிருந்த லேபிள்களில் அந்த வரியின் மேல் ஒவ்வொன்றாகக் கறுப்பு மார்க்கர் அடித்தேன். அந்தப் பாக்கெட்டுகள் போய்ச் சேர்ந்ததும் மூன்று பேர் போன் பண்ணி, என்ன மறைக்கிறீர்கள் என்று அண்ணியைக் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் ஒரு மத்தியானம் தானாகவே உட்கார்ந்து, குட் மார்னிங் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அழித்தார். சிலவற்றை எனக்குக் காட்டிவிட்டு அழித்தார்.

சேலத்துப் பெண் மறுபடியும் எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். அவர் போனில் ஆப்பைப் போட்டாள். முப்பது விநாடிக்கு ஒரு தடவை புது நம்பர் தானே வந்துகொண்டிருக்கும், டவர் வேண்டாம், கத்தவும் வேண்டாம். போட்டுப் பார்த்தாள். தப்பு என்றது. மறுபடி போட்டாள். தப்பு. அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, இந்த போன்ல மணி ஏன் பத்து நிமிஷம் கூட ஓடுது?"

"நான்தான் வெச்சேங்க. பஸ்ஸ விட்றக் கூடாதுன்னு."

"நேரம் சரியா இருந்தாத்தான் இந்த நம்பர் செல்லும்ங்கண்ணா."

"அப்ப பஸ்ஸு?"

அவள் போனை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் மணியைச் சரியாக வைத்தார். நம்பர் செல்லுபடியாயிற்று, பக்கம் சத்தமில்லாமல் திறந்தது. மறுநாள் காலை, பழைய நினைப்பில், போன் காட்டுவதைவிட இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று நிதானமாக டீ குடித்துவிட்டு, இரண்டு பார்சலையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். வளைவுக்கு அவர் தலை தெரியும்போது பஸ் புகையை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் பைக்கில் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றி வந்த ஒருவரை நிறுத்தி, மூட்டைக்கும் அவருக்கும் நடுவில் எப்படியோ தன்னைச் செருகிக்கொண்டு ஒண்டிக்கடையில் இருக்கும் கூரியர் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தார்.